பியுஸ்: கடமையில் தொடங்கி இரக்கத்தில் வந்து நின்ற ஒரு சொல்

மன்னார்ப் பக்கமோ யாழ்ப்பாணப் பக்கமோ, பத்திநாதன் என்று ஒருவரையாவது தெரியாத ஆட்கள் குறைவு. கத்தோலிக்கப் பெயர் அது. பியுஸ் என்ற பெயரை எடுத்த பாப்பரசர்கள் 12 பேர். அவர்களை எங்கட பழைய ஆக்கள் தமிழில் பத்திநாதர் என்று எழுதினார்கள். பியுஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குப் பத்தி உள்ளவர் என்று பொருள். மொழிபெயர்ப்பு சரிதான். ஆனால் சொல்லின் ஒரு பாதிக்குத்தான் சரி.

மற்றப் பாதி எங்கே எண்டு கேட்டால், அது ஆங்கிலத்தில் இருக்கிறது. இரக்கம் என்பதற்கு ஆங்கிலத்தில் நாங்கள் சொல்லுகிற ‘பிற்றி’ என்ற சொல்லும், பக்தி என்பதற்குச் சொல்லுகிற ‘பயெற்றி’ என்ற சொல்லும் ஒரே தாயின் பிள்ளைகள். இரண்டும் பியுஸ் என்ற சொல்லில் இருந்து வந்த ‘பியெத்தாஸ்’ என்ற பெயர்ச்சொல்லில்தான் பிறந்தன. இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் மரியாளை மைக்கலாஞ்சலோ செதுக்கினாரே, அந்தச் சிலைக்குப் பெயர் ‘பியெத்தா’. அதுவும் இதே சொல்தான்.

கடவுளுக்கும் தகப்பனுக்கும் நாட்டுக்கும் செய்யவேண்டிய கடமை என்று தொடங்கின ஒரு சொல், முன்பின் தெரியாத ஒருவரின் துன்பத்தைக் கண்டு கலங்குவது என்று எப்படி மாறியது? அகராதியைத் திறந்தால் இதற்கு இரண்டு வரியில் பதில் கிடைக்கும். நாங்கள் இங்கே அந்தச் சொல்லை மூன்று மொழி இலக்கியங்களுக்குள்ளால் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கப்போகிறோம். ஏனெண்டால் இந்தச் சொல்லுக்குள்ளே ஒரு பழைய வழக்கு இன்னும் தீராமல் கிடக்கிறது: எங்கட ஆக்களுக்கு நாங்கள் பட்டிருக்கிற கடனும், எங்கட ஆள் இல்லாத ஒருவனுக்காக வருகிற இரக்கமும் ஒரே மனதில் சேர்ந்து இருக்கலாமா?

உரோமர்களின் பியுஸ்

உரோமர்களுக்கு இந்தச் சொல்லில் குழப்பம் இருக்கவில்லை. பெற்றோருக்கும் உறவுக்கும் நாட்டுக்கும் தெய்வங்களுக்கும் செய்யவேண்டியதைச் செய்கிறவன் பியுஸ். சிசரோ இதைப் பல இடங்களில் விளக்குகிறார். பெற்றோருக்குச் செய்வது பெரியது, நாட்டுக்குச் செய்வது அதைவிடப் பெரியது என்பது அவருடைய வரிசை. தெய்வங்களுக்கு நீதியாக நடப்பதுதான் பியெத்தாஸ் என்றும் ஓரிடத்தில் எழுதுகிறார். இதில் உணர்ச்சியை விடக் கணக்குத்தான் அதிகம். யாரிடம் எதைப் பெற்றோம், யாருக்கு எதைத் திருப்பிக் கொடுக்கவேணும் என்ற கணக்கு.

அதனால்தான் இந்தச் சொல் அரசியலுக்கு நன்றாய் வாய்த்தது. பேரரசருக்கு எதிராகக் கலகம் வந்தபோது விசுவாசமாக நின்ற படைப்பிரிவுகளுக்குப் ‘பியா’ என்ற பட்டம் கிடைத்தது. பொம்பேயின் மகன் செக்ஸ்துஸ் தகப்பனுக்காகப் போராடுகிறவன் என்று காட்டப் பியுஸ் என்ற பெயரைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டான். அகஸ்துஸுக்குச் செனற் சபை ஒரு பொற்கேடயம் வழங்கியது. அதில் நான்கு நற்குணங்கள் பொறிக்கப்பட்டிருந்தன: வீரம், கருணை, நீதி, பியெத்தாஸ். இதில் ஒன்றைக் கவனியுங்கோ. கருணைக்கு அங்கே ‘கிளெமென்சியா’ என்று தனிச்சொல் இருக்கிறது. அதாவது உரோமர்களின் கணக்கில் பியெத்தாஸும் கருணையும் வேறு வேறு. பியெத்தாஸ் சில நேரம் கருணைக்கு நேர் எதிராகவும் வேலை செய்யும். தகப்பனைக் கொன்றவனைப் பழிவாங்குவதும் பியெத்தாஸ்தான்.

ஆனாலும் உரோமர்களின் ஒரு கதையில் வேறொரு வாசம் அடிக்கிறது. மூத்த பிளினி சொல்லுகிற கதை அது. சிறையில் அடைக்கப்பட்ட ஒரு தாய். அவளைப் பார்க்க வருகிற மகள் அண்மையில்தான் பிள்ளை பெற்றவள். சாப்பாடு ஏதும் கொண்டுபோகிறாளா என்று காவலன் ஒவ்வொரு முறையும் சோதிக்கிறான். கடைசியில் பார்த்தால் மகள் தன் முலைப்பாலைத்தான் தாய்க்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தாயை விடுதலை செய்தார்கள், அந்த இடத்தைப் பியெத்தாஸ் தெய்வத்துக்குக் கோயிலாக்கினார்கள் என்று கதை முடிகிறது. பிளினிக்கு இது பிள்ளையின் கடமைக்கு உதாரணம். ஆனால் கதையைக் கேட்கிற எவருக்கும் கடமை என்ற சொல் அதற்குப் போதாது என்று தெரியும்.

காவியத்தின் கடைசிக் காட்சி

பியுஸ் என்ற சொல்லுக்கு இலக்கியத்தில் நிரந்தர இடம் வாங்கிக் கொடுத்தவர் வேர்ஜில். கி.மு. 19இல் இறக்கும்போது அவர் முடித்தும் முடிக்காமலும் விட்டுச்சென்ற ‘ஏனியட்’ காவியத்தின் நாயகன் ஏனியாஸுக்கு நிலையான அடைமொழியே பியுஸ்தான். எரிகிற திரோய் நகரத்திலிருந்து வயதான தகப்பனைத் தோளில் சுமந்து, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வெளியேறுகிறான். தகப்பனின் கையில் வீட்டுத் தெய்வங்கள். மனைவி பின்னால் வருகிறாள், வழியில் தொலைந்துபோகிறாள். பியெத்தாஸ் யாரைச் சுமக்கும், யாரைப் பின்னால் நடக்கவிடும் என்பது அந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது.

பிறகு டீடோ. கார்த்தேஜ் அரசியான அவள் அவனுக்கு அடைக்கலம் கொடுக்கிறாள், காதலிக்கிறாள். இத்தாலிக்குப் போய் நகரம் அமைக்கவேணும் என்று தெய்வக் கட்டளை வருகிறது. டீடோ மன்றாடுகிறாள், ஏசுகிறாள், மயங்கி விழுகிறாள். அவளைத் தாதிகள் தூக்கிக்கொண்டு போனதும் வேர்ஜில் அவனைப் பியுஸ் என்று அழைக்கிறார். அவன் அவளை ஆறுதல்படுத்த ஆசைப்படுகிறான், பெருமூச்சு விடுகிறான், காதலால் உலைகிறான். ஆனாலும் கப்பல்களை நோக்கிப் போகிறான். அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். இந்த இடத்தில் அந்த அடைமொழி புகழ்ச்சியா, குத்தலா? இரண்டாயிரம் வருடமாக வாசகர்கள் இதில் பிரிந்துதான் நிற்கிறார்கள்.

இன்னொரு இடம். போர்க்களத்தில் லவுசுஸ் என்ற இளைஞன் காயப்பட்ட தன் தகப்பனைக் காப்பாற்றக் குறுக்கே பாய்கிறான். உன்னுடைய பியெத்தாஸ் உன்னை ஏமாற்றுகிறது என்று ஏனியாஸ் அவனை எச்சரிக்கிறான், பிறகு கொன்றுவிடுகிறான். சாகிற அந்த முகத்தைப் பார்த்ததும் ஏனியாஸ் முனகுகிறான், கையை நீட்டுகிறான். தகப்பன் மேல் தான் வைத்த பாசத்தின் சாயலை எதிரியின் மகனில் அவன் கண்டுவிட்டான். கடமை என்ற சொல் இரக்கத்தைத் தொடுகிற முதல் இடங்களில் இது ஒன்று.

கடைசிக் காட்சி இதைவிடக் கடினம். எதிரித் தலைவன் துர்னுஸ் தொடையில் காயம்பட்டு மண்ணில் கிடக்கிறான். தோல்வியை ஒத்துக்கொண்டு, உன் தகப்பனை நினைத்து என் கிழத் தகப்பனுக்கு இரங்கு என்று கேட்கிறான். ஏனியாஸ் தயங்குகிறான். வாள் பிடித்த கை தாழ்கிறது. அப்போதுதான் துர்னுஸின் தோளில் ஒரு பட்டியைக் காண்கிறான். அது துர்னுஸ் கொன்ற பல்லாஸ் என்ற இளைஞனுடையது. அந்த இளைஞனை அவனுடைய தகப்பன் ஏனியாஸை நம்பித்தான் போருக்கு அனுப்பியிருந்தார். ஆத்திரம் மூள்கிறது, வாள் இறங்குகிறது, துர்னுஸின் உடல் குளிர்ந்து தளர்கிறது. காவியம் அதோடு முடிகிறது. வெற்றி விழா இல்லை, சமாதானம் இல்லை, இறுதிச்சடங்குகூட இல்லை.

சனத்தின் வாயில் மாறின சொல்

இந்த முடிவை முதலில் நேராக எதிர்த்துக் கேட்டவர்களில் ஒருவர் லக்தான்சியுஸ். வட ஆபிரிக்காவில் இருந்து வந்த கிறிஸ்தவ எழுத்தாளர், 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். மன்றாடுகிறவனைக் கொல்லுகிறவன், பிடிபட்ட இளைஞர்களை நண்பனின் சிதையில் பலி கொடுக்கிறவன், இவன் எப்படிப் பியுஸ் என்று அவர் கேட்கிறார். இளைஞர்களைப் பலி கொடுக்கிற அந்த இடமும் காவியத்தில் இருக்கிறது. அவருடைய கேள்வியில் ஒரு விசயம் ஒளிந்திருக்கிறது. பியுஸ் என்றால் இரக்கமும் இருக்கவேணும் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். அகஸ்துஸின் காலத்து உரோமனுக்கு அந்தக் கேள்வியே விளங்கியிராது.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, இலக்கண ஆசிரியர் செர்வியுஸ் வேர்ஜிலுக்கு உரை எழுதுகிறார். கடைசிக் காட்சிக்கு அவர் தரும் விளக்கத்தை நாங்கள் இந்தச் சொல்லின் வரலாற்றுக்கே நடுப்பக்கம் என்று சொல்லுவோம். எதிரியை விட்டுவிட நினைத்ததாலும் ஏனியாஸ் பியுஸ், பல்லாஸின் தகப்பனுக்காக அவனைக் கொன்றதாலும் அவனிடம் பியெத்தாஸ் இருக்கிறது என்கிறார். உயிர்விட நினைத்ததற்கும் உயிர் எடுத்ததற்கும் ஒரே சொல்! நாயகனைக் காப்பாற்றத்தான் அவர் அப்படி எழுதினார். ஆனால் அந்த வசனத்துக்குள்ளே சொல் ஏற்கெனவே இரண்டாகிவிட்டது.

அது எப்படி நடந்தது என்பதற்குச் சாட்சி புனித அகுஸ்தீன். 413இல் எழுதத் தொடங்கிய ‘கடவுளின் நகரம்’ நூலின் பத்தாம் புத்தகத்தில் இதைப் பேசுகிறார். பியெத்தாஸ் என்பது சரியாகப் பார்த்தால் கடவுள் வழிபாடு, பெற்றோருக்குச் செய்யும் கடமைக்கும் அந்தச் சொல் உண்டு. ஆனால் சாதாரண சனம் இரக்கச் செயல்களுக்கும் அதைப் பாவிக்கிறது என்கிறார். கடவுள் அப்படிப்பட்ட செயல்களைத்தான் விசேடமாகக் கேட்கிறார் என்பதால் இந்த வழக்கு வந்திருக்கலாம் என்பது அவருடைய விளக்கம். அதனால்தான் கடவுளையே பியுஸ் என்று அழைக்கிற பழக்கமும் வந்ததாம்.

இது பெரிய மாற்றம். கடவுளுக்குத் தகப்பன் இல்லை, நாடு இல்லை, அவர் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. அவரைப் பியுஸ் என்று சொன்னால் அங்கே அந்தச் சொல்லுக்கு இரக்கமுள்ளவர் என்பதைத் தவிர வேறு பொருள் வராது. பண்டிதர்கள் கூடித் தீர்மானித்த மாற்றமில்லை இது. பேசுகிற சனம் மாற்றினது. அகுஸ்தீன் அதைப் பார்த்துக் குறித்து வைத்தார், அவ்வளவுதான். சிறுவயதில் டீடோவின் சாவுக்காக அழுததைத் தன் ‘அறிக்கைகள்’ நூலில் எழுதிய அதே அகுஸ்தீன்தான். மத்திய காலத்தில் இறந்தோருக்கான பூசையில் பாடப்பட்ட இலத்தீன் பாட்டில் யேசுவை ‘பியே’ என்று விளிப்பதும் இந்தப் புதுப் பொருளில்தான்.

டீடோவின் வட்டத்தில் தாந்தே

தாந்தே (1265–1321) நரகத்துக்குள் போகும்போது அவருக்கு வழிகாட்டி யார்? பியுஸ் ஏனியாஸைப் படைத்த அதே வேர்ஜில். இரண்டாம் காண்டத்திலேயே தாந்தே தனக்கு முன்னால் இரண்டு போர்கள் இருப்பதாகச் சொல்லுகிறார்: ஒன்று பயணத்தோடு, மற்றது பியெத்தாவோடு.

ஐந்தாம் காண்டத்தில் அந்தப் போரில் அவர் தோற்றுப்போகிறார். காதலால் கெட்டவர்கள் சூறாவளியில் அலைக்கழிகிற வட்டம் அது. கணவனின் தம்பி பாவோலோவைக் காதலித்ததற்காகக் கணவனாலேயே கொல்லப்பட்ட பிரான்செஸ்கா தன் கதையைச் சொல்லுகிறாள். உன் துன்பம் என்னை அழவைக்கிறது, துயரப்படுத்துகிறது, ‘பியோ’ ஆக்குகிறது என்ற கருத்தில் தாந்தே அவளுக்கு மறுமொழி சொல்லுகிறார். கதையைக் கேட்டு இரக்கம் தாங்காமல் மயங்கி விழுந்துவிடுகிறார்.

பியோ என்பது பியுஸின் இத்தாலிய வடிவம். பிரான்செஸ்காவும் பாவோலோவும் எந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து வருகிறார்கள் என்று பார்த்தால், டீடோ இருக்கிற கூட்டத்திலிருந்து. தாந்தே அதைப் பெயர் சொல்லியே எழுதுகிறார். வேர்ஜிலின் காவியத்தில் அழுகிற பெண்ணை விட்டுவிட்டுப் போகிறவன் பியுஸ். தாந்தேயின் காவியத்தில் அதே டீடோவின் வட்டத்தில், அழுகிற பெண்ணுக்காகத் தானும் அழுகிறவன் பியோ. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறவர் வேர்ஜில். தாந்தே வேர்ஜிலை மனப்பாடமாய்ப் படித்தவர், ஆகவே இது தற்செயலாய் விழுந்த சொல் என்று நாங்கள் நம்பவில்லை.

ஆனால் தாந்தே விசயத்தை இலேசாய் முடித்துவிடவும் இல்லை. இருபதாம் காண்டத்தில் குறி சொன்னவர்கள் கழுத்து பின்பக்கம் திருகப்பட்டு நடக்கிறார்கள். அதைக் கண்டு தாந்தே பாறையில் சாய்ந்து அழ, வேர்ஜில் ஏசுகிறார். பியெத்தா செத்தால்தான் இங்கே பியெத்தா வாழும் என்பது அவர் சொல்வதன் சாரம். முதலில் வருவது மனித இரக்கம், அடுத்தது கடவுளின் நீதிக்கு அடங்குகிற பக்தி. இரண்டையும் ஒரே சொல்லில் வைத்து ஒன்றை மற்றதால் அடிக்கிறார். இருபத்தாறாம் காண்டத்தில் யுலிசெஸ், மகன் மீதான பாசமோ கிழத் தகப்பன் மேலான பியெத்தாவோ என்னைத் தடுக்கவில்லை என்கிறான். அங்கே சொல் பழைய உரோமக் கடமைக்கே திரும்பிப் போகிறது. ஒரு காவியத்துக்குள் மூன்று பொருள். சொல் இன்னும் பிளக்கவில்லை, ஆனால் வெடிப்பு விழுந்துவிட்டது.

சிலையும் அடைவு கடையும்

இத்தாலியில் இந்தச் சொல் புத்தகத்தோடு நிற்கவில்லை. 1462இல் பெருஜியா நகரத்தில் ஏழைகளுக்குக் குறைந்த வட்டிக்கு அடைவு வைத்துக் காசு கொடுக்கிற நிலையம் ஒன்று தொடங்கியது. பெயர் ‘மொன்தே தி பியெத்தா’, இரக்கத்தின் குவியல் என்று சொல்லலாம். பிரான்சிஸ்கன் துறவிகள் ஊர் ஊராய்ப் போய் இப்படியான நிலையங்களைத் தொடங்கவைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அவர்களில் சிலர், குறிப்பாக பெல்த்ரே நகரத்து பெர்னார்தீனோ, அதே மூச்சில் வட்டிக்குக் கொடுத்த யூதர்களுக்கு எதிராக வெறுப்பையும் பிரசங்கித்தார்கள். தன் ஊர் ஏழைக்கு இரக்கம், பக்கத்து வீட்டு யூதனுக்குத் துரத்தல். பழைய கணக்கு புதுச் சொல்லுக்குள்ளும் இருந்தது.

மைக்கலாஞ்சலோ தன் முதல் பியெத்தாவை 1499 அளவில் முடித்தார், இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞன். 1564இல் சாகிறதுக்குச் சில நாட்களுக்கு முன்வரை செதுக்கிக்கொண்டிருந்ததும் இன்னொரு பியெத்தாதான். கரவாஜ்ஜோ 1607இல் நேபிள்ஸில் ஏழு இரக்கச் செயல்களை ஒரே ஓவியத்தில் வரைந்தார். அதில் சிறையிலுள்ள கிழவனுக்கு மகள் முலைப்பால் கொடுக்கிறாள். உரோமர் கதையில் தாய், இங்கே தகப்பன், இரண்டு வடிவமும் பழையகாலத்திலேயே இருந்தவை. பிள்ளைக் கடமைக்கு உதாரணமாய் இருந்த கதை, பசித்தவனுக்கு உணவு கொடுத்தல், சிறைப்பட்டவரைச் சந்தித்தல் என்ற இரக்கச் செயல்களுக்கு உதாரணமாகிவிட்டது. கதை மாறவில்லை, அதற்கு மேல் ஒட்டின சொல்லின் பொருள் மாறிவிட்டது.

ஆங்கிலத்தில் இரண்டாய்ப் பிரிந்தது

ஆங்கிலத்துக்குச் சொல் பிரெஞ்சு வழியாய் வந்தது, இரண்டு உருவில். கன காலம் பிற்றியும் பயெற்றியும் ஒன்றின் வேலையை மற்றது செய்துகொண்டு திரிந்தன. 1600களில்தான் கணக்குத் தீர்ந்து, இரக்கம் ஒரு பக்கமும் பக்தி ஒரு பக்கமுமாய்ப் போயின.

இத்தாலிக்குப் போய் தாந்தேயைப் படித்து வந்த சோசருக்கு, நல்ல மனதுள்ளவரிடம் இரக்கம் சுறுக்காய்ச் சுரக்கும் என்ற வரி அவ்வளவு பிடித்தது. நாலு இடத்தில் எழுதியிருக்கிறார். ஓரிடத்தில் பெண்களின் கண்ணீருக்கு இளகி மரணதண்டனையைக் கைவிடும் மன்னனைப் பற்றி. இன்னொரு இடத்தில் கிழட்டுப் புருசனை ஏமாற்றி இளைஞனுக்கு ‘இரங்குகிற’ மனைவியைப் பற்றி, நக்கலாக. இரக்கத்தையும் ஏமாற்றுக்குப் பாவிக்கலாம் என்று சோசருக்குத் தெரியும்.

ஷேக்ஸ்பியரின் ‘தைத்துஸ் அந்திரோனிக்குஸ்’ 1594இல் அச்சாகியது. அவருடைய சிறந்த நாடகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் எங்கட விசயத்துக்கு இதைவிட நல்ல நாடகம் இல்லை. பியுஸ் என்ற பட்டம் பெற்ற உரோமத் தளபதி தைத்துஸ் போரில் வென்று திரும்புகிறான். இறந்த சகோதரர்களின் ஆவிக்குக் கைதி ஒருவனைப் பலி கொடுக்கவேணும் என்று மகன்மார் கேட்கிறார்கள். கைதியான கோத் அரசி தமோரா முழங்காலில் விழுந்து தன் மூத்த மகனுக்காக அழுகிறாள். உன் பிள்ளைகள் உனக்கு எப்படியோ அப்படித்தான் என் பிள்ளை எனக்கு என்கிறாள். சமயக் கடன் என்று சொல்லி அவனைக் கொண்டுபோய் வெட்டுகிறார்கள். இது கொடுமையான, சமயமே இல்லாத பக்தி என்று தமோரா கத்துகிறாள்.

அடுத்த அங்கத்தில் தைத்துஸின் மகள் லவீனியா தமோராவின் காலில் விழுந்து இரக்கம் கேட்கிறாள். உன் தகப்பனுக்காகவே நான் இரக்கம் இல்லாதவள் என்கிறாள் தமோரா. பயெற்றி முதல் கொலையைச் செய்தது, அதனால் பிற்றி செத்தது, மிச்சக் கொலைகள் வரிசையாய் வந்தன. நாடக முடிவில் தமோராவின் உடலை மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் எறிகிறபோதும் பேச்சில் வருகிற சொல் பிற்றிதான். அவளிடம் இரக்கம் இருக்கவில்லையாம். அதை இல்லாமல் செய்தது யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

1697இல் ஏனியட்டை ஆங்கிலத்தில் தந்த திரைடன், தன் முன்னுரையில் பியெத்தாஸை முழுதாய்ச் சொல்ல எந்த நவீன மொழியிலும் சொல் இல்லை என்று குறைப்படுகிறார். தெய்வபக்தி, பெற்றோர் பாசம், உறவுகள் மேலான அன்பு எல்லாம் அதில் அடக்கம் என்கிறார். அவருடைய பட்டியலில் எதிரிக்கு இடமில்லை.

பிரிந்துபோன பிற்றியிலும் கோளாறு இருக்கிறது என்று கண்டவர் பிளேக். 1789இல் வந்த பாட்டில் இரக்கத்தைக் கடவுளின் குணங்களில் ஒன்றாகப் பாடினார். 1794இல் அதற்கு மறுபக்கம் எழுதினார். நாங்களே ஒருவனை ஏழையாக்கி வைக்காவிட்டால் இரக்கப்பட ஆள் ஏது என்பது அதன் கேள்வி. ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிப்போட்டு நடையைக் கட்டுகிற பழக்கம் எங்களுக்கும் நல்லாய்த் தெரியும். கடமை கழன்றுபோன இரக்கம் அப்படித்தான் ஆகும். கடன் என்ற நினைப்பு இல்லை, ஆகவே திருப்பிக் கொடுக்கவும் ஒன்றுமில்லை.

ஓவனின் சுரங்கம்

முதலாம் உலகப் போரில் ஆங்கிலப் படை அதிகாரியாய் இருந்த வில்பிரட் ஓவன் 1918 நவம்பர் 4ஆம் திகதி, 25 வயதில் கொல்லப்பட்டார். போர் முடிய ஒரு கிழமைதான் இருந்தது. வரவிருந்த கவிதைத் தொகுப்புக்கு அவர் எழுதி வைத்த சின்ன முன்னுரையில், தன் பொருள் வீரர்களும் புகழும் இல்லை, போரும் போரின் பிற்றியும்தான் என்கிறார்.

அவருடைய காலத்துப் பள்ளிக்கூடங்களில் இலத்தீன் படித்த பிள்ளைகளுக்கு நாட்டுக்காகச் சாவது இனிமை என்ற ஹொரேசின் வரி பாடமாய் இருந்தது. அந்த வரியைப் பழைய பொய் என்று சொல்லி, நச்சுவாயுவில் மூச்சுத் திணறிச் சாகிற ஒருவனைக் காட்டினார் ஓவன். இன்னொரு கவிதையில் ஆபிரகாம் கதையை எடுத்தார். விவிலியத்தில் தேவதூதன் சொன்னதும் தகப்பன் மகனை விட்டுவிடுகிறான். ஓவனின் தகப்பன் கேட்கவில்லை. மகனை வெட்டுகிறான், ஐரோப்பாவின் பாதிப் பிள்ளைகளையும் சேர்த்து. தகப்பனைத் தோளில் சுமந்த மகனில் தொடங்கின சொல், மகனைக் கொல்லுகிற தகப்பனில் வந்து நிற்கிறது.

‘விசித்திரச் சந்திப்பு’ என்று நாங்கள் தமிழில் சொல்லக்கூடிய கவிதையில் ஒரு படைவீரன் போர்க்களத்திலிருந்து தப்பி ஆழமான சுரங்கத்துக்குள் இறங்குகிறான். படுத்திருப்பவர்களில் ஒருவன் எழும்பி அவனைப் பார்க்கிறான். தான் நிற்பது நரகம் என்று வீரனுக்கு விளங்குகிறது. வாழாமல் போன வருடங்களைப் பற்றியும், போரின் பிற்றியைச் சொல்ல ஆளில்லாமல் போவதைப் பற்றியும் மற்றவன் பேசுகிறான். கடைசியில்தான் தன்னை யாரென்று சொல்லுகிறான்: நீ நேற்றுக் கொன்ற எதிரி நான். தடுக்கப் பார்த்தேன், ஆனால் என் கைகள் விருப்பமில்லாமல் குளிர்ந்து போயிருந்தன என்கிறான். பிறகு தூங்குவோம் என்கிறான்.

வேர்ஜில் முடித்த இடத்தில் ஓவன் தொடங்குகிறார் என்றுதான் எங்களுக்குப் படுகிறது. துர்னுஸ் குளிர்ந்து நிழலுலகத்துக்குப் போவதோடு ஏனியட் முடிகிறது. அதற்குப் பிறகு கொன்றவனும் கொல்லப்பட்டவனும் கீழே சந்தித்தால் என்ன பேசுவார்கள் என்பதை எழுத 1900 வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. இங்கே பிற்றி மேலே நின்று ‘பாவம்’ சொல்லுகிற இரக்கம் இல்லை. ஒருவன் மற்றவனுக்கு ‘நண்பா’ என்று சொல்லுகிற இடம். எதிரிக்குப் பட்ட கடன் என்று ஒன்று இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிற இடம். பிரிந்துபோன இரண்டு சொற்களும் திரும்ப ஒன்றாய்க் கேட்கின்றன.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. 1936இல் யேற்ஸ் தொகுத்த நவீன கவிதைத் தொகுப்பில் ஓவனுக்கு இடம் கொடுக்கவில்லை. சும்மா துன்பப்படுவது கவிதைக்குப் பொருளாகாது என்பது அவர் வாதம். வீரம் வேணும் என்றார். பழைய உரோமரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

1940 நவம்பரில் ஜேர்மன் குண்டுவீச்சில் அழிந்த கொவென்றி பேராலயம் திரும்பக் கட்டப்பட்டபோது, 1962 மே 30ஆம் திகதி பெஞ்சமின் பிரிட்டனின் ‘போர் இரங்கற்பா’ அங்கே முதன்முதலாய்ப் பாடப்பட்டது. இறந்தோருக்கான இலத்தீன் பூசையின் சொற்களுக்கு இடையிடையே ஓவனின் ஆங்கிலக் கவிதைகள். இலத்தீன் பாடகர் குழு ‘பியே யேசு’ என்று பாடும், ஆங்கிலத்தில் பிற்றி என்று வரும். வேறு வேறாய்ப் போன பிள்ளைகள் ஒரே மேடையில். சுரங்கத்தில் எழும்புகிற எதிரியின் பகுதியைப் பாடியவர் டீற்றிரிக் பிஷர்-டீஸ்காவ். ஜேர்மன்காரர், அந்தப் போரில் ஜேர்மன் படையில் இருந்தவர், இத்தாலியில் போர்க்கைதியாய்ப் பிடிபட்டவர்.

இந்தச் சொல்லின் கதையை எந்த நாட்டில் இருந்துகொண்டு வாசிக்கிறோம் என்பதை நாங்கள் விரித்துச் சொல்லத் தேவையில்லை. எங்கட ஆக்களுக்கு விளக்கு வைப்பது கடமை. அதில் யாரும் குறை காணமுடியாது, ஏனியாஸும் அதைத்தான் செய்தான். அந்தக் கடமைக்கு மற்றத் தாயின் கண்ணீர் இடைஞ்சல் என்று நினைக்கிற இடத்தில்தான் தைத்துஸ் பிறக்கிறான். செர்வியுஸ் செய்தது போல இரண்டையும் ஒரே வசனத்தில் போட்டுச் சமாளிக்கவும் முடியாது, ஏனெண்டால் வாள் ஒன்றில் இறங்கும், இல்லாவிட்டால் இறங்காது. ஏனியாஸின் கை தாழ்ந்த அந்தச் சில கணங்களில் அவன் எந்தப் பொருளில் பியுஸாய் இருந்தான் என்று வேர்ஜில் எழுதவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் எழுதினதுதான் இவ்வளவும்.